மறுநாள் மருத்துவம்

விழா மலர் என்றதும் நாம் எதிர்பார்ப்பவை சில உண்டு. கோவிலுக்குக் கல் நாட்டியவர் யார், மணி எங்கிருந்து வந்தது, தேர் எந்த ஆண்டில் செய்யப்பட்டது, பங்கைப் பேணிய குருக்கள் யாவர் என்பன போன்ற செய்திகள் அவை. இம்மலரின் பிற பக்கங்களில் அவற்றைக் காணலாம். இக்கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. நம் காலத்தில், நம் பக்கத்து வீதியில் நடந்த ஒரு பேரிடரையும், அது ஓய்ந்த பிறகும் ஓயாத துன்பத்தையும் பற்றியது இது. ஒரு வட்டாரத்தின் வரலாறு அதன் கோபுரங்களில் மட்டும் எழுதப்படுவதில்லை. அங்கு வாழும் மனிதரின் உடம்பிலும் எழுதப்படுகிறது.

2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நிகழ்ந்த நச்சுச் சாராயச் சாவுகளை அறியாதவர் நம்மில் எவரும் இலர். எத்தனை பேர் மாண்டனர் என்று கேட்டால் சிறுவரும் சொல்வர். ஆனால் பிழைத்தவர் எத்தனை பேர், அவர்கள் இன்று எப்படி இருக்கின்றனர் என்று கேட்டால் நம்மில் பலர் மௌனமாகிவிடுகிறோம். இந்த மௌனத்தைப் பற்றியே நாம் எழுத விரும்புகிறோம்.

மலையும் ஊரும்

கல்வராயன் மலை நமக்குப் புதிதன்று. மேற்கே நோக்கினால் நீல வரம்பாகத் தோன்றும் அம்மலைத் தொடர் கள்ளக்குறிச்சி, சேலம் முதலிய மாவட்டங்களுக்கு இடையே பரந்து கிடக்கிறது. நம் வயல்களை நனைக்கும் கோமுகி ஆறு அங்கேதான் பிறக்கிறது. மலையாளி என்று வழங்கப்பெறும் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, தேனும் கடுக்காயும் புளியும் சேகரித்து அங்கு வாழ்ந்து வருகின்றனர். 1970-களின் நடுப்பகுதிவரை அம்மலை சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தாரர் வழியினரின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டு கடந்த பின்னரே அரசின் நேரடி நிர்வாகம் மலை ஏறிற்று எனலாம். சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவை அங்கு பிந்தி வந்ததற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

நம் ஊரோ முன்பு தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1993-இல் விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்தது. 2019-இல் தானே ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்து, 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. மலையும் நகரும் இவ்வாறு மெல்ல வளர்ந்து வரும் வேளையில்தான் அந்தப் பேரிடர் வந்தது.

சாராயத்தின் கதையும் இவ்வட்டாரத்தில் பழையதே. 1937 அக்டோபர் முதல் நாள் இராஜாஜி அவர்களின் அமைச்சரவை மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டு வந்தது, மலைக்கு அப்பாலுள்ள சேலம் மாவட்டத்தில்தான். பிறகு விலக்கு 1971-இல் நீங்கி, 1974-இல் மீண்டு, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் அரசே மதுவாணிபக் கழகத்தை நிறுவிற்று. 2003 இறுதியில் சில்லறை விற்பனையையும் ஏற்றுக்கொண்டது. சட்டம் எவ்வாறு மாறினாலும், வெல்லமும் கடுக்காயும் வேலம்பட்டையும் ஊறப்போட்டுக் காய்ச்சும் அடுப்புகள் மலையோடைகளின் ஓரத்தில் அணையவில்லை. வேறு பிழைப்பற்றவனுக்கு அது பிழைப்பாயிற்று. கடைச் சரக்கு வாங்க இயலாத கூலித் தொழிலாளிக்கு அது மலிவாயிற்று.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கருணாபுரத்தில் கொன்றது மலையில் ஊறிய வெல்லம் அன்று. தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்னும் எரிசாராயம் கலந்த பாக்கெட்டுகளே கொன்றன. மெத்தனால் எந்த மலையடுப்பிலும் விளைவதன்று. ஆலையில் செய்யப்பட்டு, லாரி ஏறி, கைமாறி வருவது. ஆகவே பழியைச் சுமக்க மலைமக்களைத் தேடுவது எளிதாயினும் நேர்மையாகாது. இச்சம்பவத்தின் பின் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து, கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்து விசாரணை மேற்கொண்டது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

2024 ஜூன்

ஜூன் 18-ஆம் நாள் குடித்தவர்கள் இரவு வீடு திரும்பிப் படுத்தனர். மறுநாள் காலை வயிற்றுவலி, வாந்தி, மூச்சுத்திணறல், கண் மங்கல். வயிற்றுக் கோளாறு என்று எண்ணி வீட்டிலேயே கிடந்தவர் உண்டு. காவல்துறைக்கு அஞ்சித் தயங்கியவரும் உண்டு. கருணாபுரத்தோடு மாதவச்சேரி, சேஷசமுத்திரம் ஆகிய ஊர்களிலும் துன்பம் பரவியது. இருநூறு பேருக்கு மேல் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் ஆகிய மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அறுபத்தைந்து பேருக்கு மேல் மாண்டனர். மாண்டவருள் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். பெண்களும் அவர்களுள் இருந்தனர். கோமுகி ஆற்றங்கரையில் ஒரே நாளில் வரிசையாகச் சிதைகள் எரிந்த காட்சியை இவ்வூர் மறவாது.

அரசு தன் கடமையில் விரைந்தது என்பதையும் குறிப்பிடவேண்டும். அண்டை மாவட்டங்களிலிருந்து மருத்துவர்கள் வரவழைக்கப்பட்டனர். இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய், சிகிச்சை பெறுவோருக்கு ஐம்பதாயிரம் ரூபாய் என நிதியுதவி அறிவிக்கப்பட்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்பதாகவும், இருவரையும் இழந்தோர்க்குப் பதினெட்டு வயது வரை திங்கள்தோறும் ஐயாயிரம் ரூபாய் வழங்குவதாகவும் அறிவிப்பு வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் அவர்கள் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது. நவம்பர் திங்களில் உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை டிசம்பரில் உச்சநீதிமன்றம் தள்ளிவிட்டது.

இறந்தோர்க்கு இழப்பீடு, குற்றவாளிக்குத் தண்டனை, பிள்ளைகட்குக் கல்வி என்று மூன்றுக்கும் வழி செய்யப்பட்டது. நான்காவதான ஒன்று உண்டு. உயிரோடு வீடு திரும்பியவரின் உடல்நலம் அது. ஐம்பதாயிரம் ரூபாயைப் பத்து ஆண்டுகளுக்குப் பகிர்ந்து பார்த்தால் நாளொன்றுக்குப் பதினான்கு ரூபாய்கூடத் தேறாது. முதல் வாரத்துக்கு அது பேருதவிதான். பத்தாண்டுகளுக்கு அது மருத்துவமாகாது.

நஞ்சு செய்யும் வேலை

ஏன் பத்தாண்டு என்கிறோம்? மெத்தனாலின் இயல்பு அப்படி. குடித்தவுடன் அது பெரும் தீங்கு செய்வதில்லை. ஈரலுக்குச் சென்று முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பின்பு ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. எறும்பின் கடியில் எரிச்சலூட்டும் அமிலமும் இதுவே. இம்மாற்றத்துக்குப் பன்னிரண்டு மணி முதல் ஒரு நாள் வரை ஆகலாம். சாதாரண மதுவும் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். அதனால்தான் இரவு நன்றாக உறங்கியவன் மறுநாள் கண் தெரியாமல் எழுகிறான். இரத்தம் புளிக்கிறது, மூச்சு வாங்குகிறது, பனிப்புகைக்குள் பார்ப்பதுபோல் பார்வை வெளுக்கிறது.

இதற்கு மருத்துவம் உண்டு. ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்து நஞ்சு உருமாறுவதைத் தடுக்கும். டயாலிசிஸ் இரத்தத்தைச் சுத்திகரிக்கும். சோடா உப்பு நரம்பு வழி ஏற்றப்பட்டு, இரத்தத்தின் புளிப்பைத் தணிக்கும். காலத்தில் வந்தவர் பிழைப்பர். ஆனால் அமிலம் ஏற்கெனவே தீண்டிய இடங்கள் எளிதில் ஆறுவதில்லை. கண் நரம்பு வாடி, சிலர் முற்றிலும் குருடாகின்றனர். சிலருக்கு நடுப்பார்வை போய்விடுகிறது. ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. மூளையின் உட்பகுதியில் புண்பட்டவர்க்கு உடல் விறைத்து, கை நடுங்கி, நடை தளரும். இவற்றோடு கடனும், வேலையின்மையும், மனச்சோர்வும், விடாத குடிப்பழக்கமும் சேர்ந்தால், அந்த வீட்டின் நிலையை நாம் விவரிக்கத் தேவையில்லை.

பிழைத்தவரைத் தேடிச் சென்ற ஒரு நாடு

இதைக் குறித்து ஒரு சான்று வேண்டுமெனில் வட ஐரோப்பாவில் எஸ்தோனியா என்னும் சிறு நாட்டை நோக்கலாம். 2001 செப்டம்பரில் அங்கே பியர்னு நகரையொட்டிய பகுதியில் மெத்தனால் கலந்த மது விற்கப்பட்டு, 68 பேர் மாண்டனர். நம் ஊரின் எண்ணிக்கையோடு ஒத்த எண்ணிக்கை. அந்நாட்டு மருத்துவர்கள் ஆறு ஆண்டுகள் கழித்து, பிழைத்தவர்களைத் தேடிச் சென்று பரிசோதித்தனர். அவர்கள் கண்டது யாது? சிலர் அதற்குள் இறந்துவிட்டனர். மீண்டும் மதுவினாலேயே மாண்டோரும் அவர்களுள் இருந்தனர். பலரைக் கண்டுபிடிக்கவே இயலவில்லை. கண்டுபிடிக்கப்பட்டவருள், அன்று கண்கோளாறோடும் நரம்புக் கோளாறோடும் வீடு திரும்பியவர்களுக்கு அக்கோளாறு அப்படியே இருந்தது. அதைவிட வியப்பு, நலமாகிவிட்டார் என்று அனுப்பப்பட்டவர்களுள் சிலரிடமும் புதிதாகக் கோளாறு காணப்பட்டது.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது இரண்டு. மருத்துவமனையிலிருந்து வெளியேறும் நாளில் எழுதப்படும் 'நலம்' என்ற சொல் இறுதிச் சொல் அன்று. மேலும், ஆறு ஆண்டுகள் கழித்துத் தேடினால் பலரைக் காண இயலாது. ஆகவே முதல் ஆண்டிலிருந்தே பெயரெழுதித் தொடரவேண்டும்.

போபால் கற்பித்த பாடம்

நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் போபால் நகரில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் வாயு கசிந்து, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இலட்சக்கணக்கானோர் அதைச் சுவாசித்துப் பிழைத்தனர். 1989-இல் 47 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. கணக்கு முடிந்தது என்று பலரும் கருதினர். பாதிக்கப்பட்டோரைத் தொடர்ந்து நோக்கிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீண்டகால ஆய்வுகளும் 1994-இல் நிறுத்தப்பட்டன. ஆனால் நுரையீரல் நோயும் கண்நோயும் கணக்கை முடித்துக்கொள்ளவில்லை.

அங்கே மருத்துவத்தை மீட்டெடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் ஏழைப் பெண்கள். அப்துல் ஜப்பார் என்பவர் தொடங்கிய பாதிக்கப்பட்ட மகளிர் தொழிலாளர் சங்கம் ஆண்டுக்கணக்கில் வீதியிலும் நீதிமன்றத்திலும் நின்றது. அவர் 2019-இல் மறைந்த பின் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா என்ற இரு பெண்கள் தமக்கு 2004-இல் கிடைத்த பன்னாட்டுப் பரிசுத் தொகையை, ஊனமுற்றுப் பிறந்த குழந்தைகளின் சிகிச்சை நிலையத்துக்கு அளித்தனர். 1996-இல் சம்பாவனா என்ற இலவச மருத்துவகம் தொடங்கிற்று. உச்சநீதிமன்றத்தின் 1991-ஆம் ஆண்டு ஆணையின் வழியே பிறந்த போபால் நினைவு மருத்துவமனை 2000-இல் திறந்தது. 2012 ஆகஸ்டு 9-ஆம் நாள் உச்சநீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் உடல்நலக் கையேடு தரவேண்டும், அவர்களின் மருத்துவக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றவேண்டும் என்று ஆணையிட்டது.

இருபத்தேழு ஆண்டுகள் கழித்து நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின் உட்பொருள் எவ்வளவு எளியது என்று பாருங்கள். ஒரு கையேடு, ஒரு பதிவேடு. யார் பாதிக்கப்பட்டார், அவருக்கு என்ன நோய், இன்று எப்படி இருக்கிறார் என்று எழுதி வைக்கும் ஓர் ஏடு. அது முதல் ஆண்டிலேயே செம்மையாகத் தொடங்கப்பெற்றிருந்தால் எத்தனை துன்பம் குறைந்திருக்கும்!

காக்க வந்தவர்களும் உண்டு

பேரிடரில் துன்புறுவோர் இரு வகையினர். அகப்பட்டுக்கொண்டவர் ஒரு வகை. காக்க ஓடி வந்தவர் மற்றொரு வகை. போபால் இரயில் நிலையத்தில் அன்றிரவு பணியிலிருந்த துணை நிலைய அதிகாரி குலாம் தஸ்தகீர் தம் இருக்கையை விட்டு அகலாமல், வண்டிகளை அனுப்பியும் நிறுத்தியும் பலரைக் காத்தார். அந்த வாயு அவர் தொண்டையை விட்டு நீங்கவில்லை. நோயோடு வாழ்ந்து 2003-இல் இறந்தார்.

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் நியூயார்க் நகரக் கோபுரங்கள் இடிந்தபோது தீயணைப்பு வீரர்கள் 343 பேர் ஒரே நாளில் மாண்டனர். இடிபாட்டுப் புழுதியில் திங்கள்கணக்கில் உழைத்த மற்ற வீரர்கள் பிறகு இருமலாலும் புற்றுநோயாலும் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். 2023 செப்டம்பரில் நோயினால் இறந்த வீரர்களின் எண்ணிக்கையும் 343-ஐ எட்டியது. முதல் நாள் பறித்த அளவு உயிர்களை அதற்குப் பின்வந்த இருபத்திரண்டு ஆண்டுகளும் பறித்தன! அங்கும் சிகிச்சை தானாக வரவில்லை. ஜேம்ஸ் சட்ரோகா என்னும் காவல் அதிகாரி 2006-இல் நுரையீரல் நோயால் இறந்தார். அவர் பெயரால் அமைந்த சட்டம் 2011 ஜனவரி 2-ஆம் நாள் கையெழுத்தாயிற்று. பின்னர் 2015-இல் அது 2090-ஆம் ஆண்டுவரை நீட்டிக்கப்பட்டது. அன்று பிறந்த குழந்தை முதுமையடையும் வரை மருத்துவம் உண்டு என்பதே அதன் பொருள். இன்னொன்றும் கருதத்தக்கது. அத்தீயணைப்புத் துறை அதற்கு முன்பே தன் வீரர்களை ஆண்டுதோறும் பரிசோதித்து ஏட்டில் பதிந்து வந்தது. அதனால்தான் 'இந்நோய் முன்பே இருந்தது' என்று எவரும் எளிதில் தட்டிக்கழிக்க இயலவில்லை.

நம் கடற்கரையில் 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினத்திலும் சடலங்களை அள்ளி அடக்கம் செய்த துப்புரவுத் தொழிலாளரையும் தன்னார்வத் தொண்டரையும் நாம் அறிவோம். கள்ளக்குறிச்சியில் நஞ்சு காப்பாற்ற வந்தவரின் உடலைத் தீண்டவில்லை. ஆனால் ஆம்புலன்ஸ் ஊழியர், செவிலியர், இளம் மருத்துவர், மயானத் தொழிலாளர் ஆகியோர் சில நாட்களுக்குள் கண்ட சாவுகள் அவர்கள் மனத்தை விட்டு அகன்றிருக்கும் என்று நாம் எண்ணிவிடலாகாது. உறக்கமற்ற இரவுகளுக்கும் மருத்துவம் தேவை.

குடித்துத்தானே கெட்டான்?

இனி ஓர் ஆட்சேபணைக்கு வருவோம். தீயணைப்பு வீரன் கடமையில் நோயுற்றான். போபால் மக்கள் உறக்கத்தில் நஞ்சை முகர்ந்தனர். ஆனால் கருணாபுரத்தவன் தானே காசு கொடுத்துக் குடித்தான். அவனுக்கு ஏன் ஊர்ப் பணம் என்று கேட்போர் நம்மிடையே உண்டு. பத்து இலட்சம் குறித்து எழுந்த இக்கேள்வி உயர்நீதிமன்றம் வரை சென்றது. கேள்வியை நாம் இகழவில்லை. குடியினால் சீரழிந்த வீடுகளில் வாழும் பெண்களின் வயிற்றெரிச்சலும் அதில் கலந்திருக்கிறது.

ஆயினும் மூன்றைச் சிந்திக்கவேண்டும். முதலாவது, அவன் வாங்கியது மது, விற்கப்பட்டது நஞ்சு. விலை கொடுத்து எவனும் குருட்டுத்தன்மையை வாங்குவதில்லை. இரண்டாவது, கண்ணிழந்தவன் ஒருவன். ஆனால் கைப்பிடித்து அழைத்துச் செல்லப் பள்ளியை விட்டு நின்றுவிடக்கூடிய மகளோ, இரண்டு பேர் கூலியைத் தனியே சம்பாதிக்க வேண்டிய மனைவியோ ஒரு சொட்டும் குடிக்கவில்லை. மூன்றாவது, மருத்துவமனை நீதிமன்றமன்று. குற்றத்தை அளந்து மருந்தை அளப்பது எந்த மருத்துவ நூலிலும் இல்லை.

பிறவிக் குருடனைக் கண்டபோது, பாவம் செய்தவன் இவனா, இவன் பெற்றோரா என்று சீடர் வினவினர். ஆண்டவர் அவ்விசாரணையில் இறங்கவில்லை. கண்ணுக்கு ஆகவேண்டியதைச் செய்தார். நல்ல சமாரியன் உவமையிலும் நாம் பெரும்பாலும் எண்ணெயும் இரசமும் வார்த்த முதல் நாளோடு நின்றுவிடுகிறோம். கதை அங்கே முடியவில்லை. மறுநாள் அவன் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று சொல்லிச் செல்கிறான். அடிபட்டவன் ஏன் தனி வழியே போனான் என்று அவன் கேட்கவில்லை. திரும்பி வருவதாகவே வாக்களித்தான். நீண்டகால மருத்துவம் என்று இன்று நிபுணர் சொல்வது இந்த மறுநாள் மருத்துவத்தையே.

செய்யத்தக்கவை

எது தேவை என்று சுருங்கச் சொல்வோம்.

ஒன்று: பிழைத்த அனைவரின் பெயரும் கொண்ட பதிவேடு. கண் மருத்துவரும் நரம்பு மருத்துவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவர்களைப் பார்த்து அதில் குறிக்கவேண்டும். கோளாறு இல்லை என்று அனுப்பப்பட்டவரையும் விடலாகாது.

இரண்டு: ஊனச் சான்றிதழ். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பார்வையின்மையும், குறைபார்வையும், நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயும் அவற்றுள் அடங்கும். சான்றிதழ் இருந்தால்தான் உதவித்தொகைக்கும் பேருந்துச் சலுகைக்கும் வழி திறக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவன் இதைத் தனியே பெறுவது கடினம்.

மூன்று: கண் தெரியாமல் வாழப் பழக்கும் பயிற்சி. கோல் பிடித்து நடக்கவும், சமையல் செய்யவும், கைத்தொழில் ஒன்று கற்கவும் பயிற்சி தந்தால் ஒருவன் மீண்டும் மனிதனாக நிமிர்கிறான்.

நான்கு: குடியிலிருந்து விடுபடச் சிகிச்சை. எஸ்தோனியாவில் நஞ்சுக்குத் தப்பியவரும் மதுவுக்குத் தப்பவில்லை என்பதை மறவாதீர். குடிப்பழக்கம் ஒரு நோய். ஏச்சினால் அது தீராது.

ஐந்து: வீடு தேடிச் செல்லும் மருத்துவம். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம், இரத்தக்கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையும், இயன்முறைச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே கொண்டு செல்லும் வழியைக் காட்டியது. அதே வழியில் கருணாபுரத்தவர் கண்ணும் நரம்பும் பார்க்கப்படலாம். மலையூர்களுக்கு இது இன்னும் இன்றியமையாதது. ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்குக் காத்து, வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்து ஒரு மருந்துச் சீட்டு வாங்குவது எளிதன்று.

இவற்றுள் பல அரசு செய்யவேண்டியவை. அரசிடம் அவற்றைக் கேட்பது பிச்சையன்று, உரிமை. போபால் பெண்கள் கேட்டுக்கொண்டே இருந்ததனால்தான் பெற்றார்கள்.

நம் பங்கும் நாமும்

அன்பார்ந்த பங்கு மக்களே! பங்குக்கு என்று பெரும் மருத்துவமனை கட்ட நம்மால் ஆகாது. ஆனால் நம் கைக்கு நன்கு பழக்கமான கலை ஒன்று உண்டு. அது ஏடு வைக்கும் கலை. திருமுழுக்கு ஏடு, திருமண ஏடு, இறப்பு ஏடு, குடும்பப் பதிவேடு என்று தலைமுறைகளாக நாம் பெயர்களைக் காத்து வருகிறோம். கரையான் தின்ற பக்கத்தையும் மறுபடி எழுதி வைக்கிறோம். ஏனெனில் ஒரு பெயர் ஏட்டிலிருந்து மறைந்தால் அம்மனிதன் சமூகத்தின் நினைவிலிருந்தே மறைகிறான் என்பது நமக்குத் தெரியும்.

இந்த விழா ஆண்டில் இன்னும் ஒரு சிறு ஏட்டை நாம் தொடங்கலாம். சாதி, சமயம் பாராமல், நம் பங்கு எல்லைக்குள் வாழும் பார்வையிழந்தோர், நடை தளர்ந்தோர், நெடுநோயாளர் ஆகியோரின் பெயரும் தேவையும் அதில் இருக்கட்டும். வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் திங்களுக்கு ஒருமுறை அவ்வீடுகளுக்குச் செல்லட்டும். சென்றவர் செய்யவேண்டியது பெரிதொன்றுமில்லை. அடுத்த மருத்துவ நாள் என்று என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, துணைக்கு ஓர் இளைஞரை அனுப்பினால் போதும். சான்றிதழ் விண்ணப்பத்தை நிரப்பத் தெரிந்தவர் நிரப்பிக் கொடுக்கட்டும். படிப்பை விடும் நிலையிலுள்ள பிள்ளையைக் கண்டால் ஆசிரியருக்குச் சொல்லட்டும். கேட்க நாக்கூசும் வீடுகளே அதிகம். ஆகவே அழைப்புக்குக் காத்திராமல் நாமே செல்லவேண்டும். வேறு சமயத்தாரின் வீட்டில் ஜெபமாலைக்கு முன் மருந்துச் சீட்டைப் பற்றிக் கேளுங்கள். அதுவே போதுமான போதனை.

தேர் ஓடும், கொடி இறங்கும், பந்தல் பிரிக்கப்படும். விழா முடிந்த மறுநாள் இந்த ஏட்டின் முதல் பக்கம் எழுதப்பட்டிருக்குமாயின், நம் விழா பொருளுள்ளதாகும். அதற்கான மனமும் விடாமுயற்சியும் தந்து இறைவன் நம்மனைவரையும் வழிநடத்துவாராக.